பூட்டப்படாத பழைய கதவு

தேக்கா வட்டாரத்தில் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பஃப்ளோ சாலையில் பல ஆண்டுகளாக நடந்துவந்த அந்தக் கடை, கேம்பல் லேனில் உள்ள பெரிய இடத்துக்கு மாறுகிறது. அரிசி மூட்டைகளும் மசாலாப் பொட்டலங்களும் புதிய இடத்துக்குப் போய்விட்டன. பெயர்ப்பலகையும் மாறிவிட்டது. ஆனால், பழைய கடையின் சாவிகள் என்ன ஆயின? வேலையை விட்டுச் சென்ற ஊழியர் ஒருவரிடம் ஒரு சாவி இருக்கிறது. இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்பது உரிமையாளருக்கே தெரியாது. பழைய கடையின் பின்கதவு வழியாகச் சரக்குக் கிடங்குக்குச் சென்றுவிடலாம். புதிய கடைக்கும் அதே கிடங்கிலிருந்துதான் பொருள்கள் வருகின்றன. எனினும், "அங்குதான் இப்போது கடையே இல்லையே!" என்று எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

கணினி உலகிலும் இத்தகைய மறதி ஏற்படுவதுண்டு. அதன் விளைவு என்னவாகும் என்பதைச் சிங்கப்பூர் 2018ஆம் ஆண்டில் நேரில் கண்டது.

மையப் பதிவேடு

ஒரு பெரிய அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ ஆயிரக்கணக்கான கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். அவற்றை யார் பயன்படுத்தலாம், யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதை முடிவு செய்ய ஒரு மையப் பதிவேடு தேவை. இதனை 'டைரக்டரி' என்பர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'ஆக்டிவ் டைரக்டரி' இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

ஒவ்வோர் ஊழியருக்கும், கணினிக்கும், அச்சுப்பொறிக்கும் இந்தப் பதிவேட்டில் ஒரு பதிவு இருக்கும். ஊழியர் காலையில் மறைச்சொல்லைத் தட்டச்சு செய்யும்போது, பதிவேட்டை வைத்திருக்கும் சேவையகக் கணினி அதைச் சரிபார்த்து அவரை உள்ளே விடும். ஒரு சேவையகம் பழுதானாலும் வேலை நிற்கக் கூடாது. ஆகவே, இந்தப் பதிவேட்டின் படிகள் பல சேவையகங்களில் வைக்கப்படும். ஒன்றில் மாற்றம் செய்தால் மற்றவையும் அதைப் பெற்றுக்கொள்ளும்.

2018இல் நடந்தது என்ன?

சிங்ஹெல்த் குழுமத்தின் நோயாளித் தகவல் தொகுப்பு 2017ஆம் ஆண்டில் புதிய தரவு மையத்துக்கு மாற்றப்பட்டது. அதன் பிறகு, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இருந்த சில பழைய சேவையகங்கள் வழியாக அந்தத் தகவல் தொகுப்பை அணுக வேண்டிய தேவை இல்லை. ஆனாலும், அவற்றுக்கும் தகவல் தொகுப்புக்கும் இடையிலான இணைப்பு துண்டிக்கப்படவில்லை. அன்றாட வேலைக்குப் பயன்படாத சில நிர்வாகக் கணக்குகளும் அந்தச் சேவையகங்களில் அப்படியே இருந்தன. அவற்றுள் ஒன்றின் மறைச்சொல் மிக எளிமையானது. 'மறைச்சொல்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே எடுத்து, இரண்டு எழுத்துகளை மட்டும் குறியாகவும் எண்ணாகவும் மாற்றியிருந்தார்கள்!

2017 ஆகஸ்ட்டிலேயே கட்டமைப்புக்குள் நுழைந்துவிட்ட ஊடுருவல்காரர்கள், பல மாதங்கள் ஓசையின்றி வழி தேடினார்கள். இறுதியில் அந்தப் பழைய சேவையகங்களைக் கைப்பற்றி, அங்கிருந்து தகவல் தொகுப்பை எட்டினார்கள். 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, ஏறத்தாழ 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி போன்ற விவரங்கள் திருடப்பட்டன. அவர்களுள் சுமார் 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் களவுபோயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அவற்றுள் அடங்கும். தகவல் தொகுப்பைக் கவனித்துக்கொண்ட ஊழியர்கள் ஜூலை 4ஆம் தேதி வழக்கத்துக்கு மாறான நடமாட்டத்தைக் கண்டு தடுத்திராவிட்டால் இழப்பு இன்னும் பெருகியிருக்கும்.

இதை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரி 10ஆம் தேதி வெளியானது. ஊடுருவல்காரர்கள் திறன்மிக்கவர்கள் என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆனால், அவர்களுடைய வெற்றி தவிர்க்க முடியாத ஒன்றன்று என்றும் கூறியது. நிர்வாகக் கணக்குகளைக் கணக்கெடுத்துக் கண்காணிப்பது உட்பட 16 பரிந்துரைகளை அக்குழு முன்வைத்தது.

முறையாக விடைகொடுத்தல்

அப்படியானால், தேவையற்ற சேவையகத்தின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டால் போதுமா? போதாது. முறையாக விடைகொடுப்பதற்குச் சில படிநிலைகள் உள்ளன.

முதலாவதாக, அதை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று சில வாரங்கள் கண்காணிக்க வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் இயங்கும் சம்பளக் கணக்கு மென்பொருள் அதை நம்பியிருக்கலாம். அத்தகைய வேலைகளை வேறு சேவையகத்துக்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவதாக, அதைச் சிறிது காலம் அணைத்துப் பார்க்க வேண்டும். யாருக்கும் இடையூறு இல்லை என்பது உறுதியானால் அடுத்த படிக்குச் செல்லலாம். இடையூறு ஏற்பட்டால் உடனே மீண்டும் இயக்கலாம்.

மூன்றாவதாக, "நான் விலகிக்கொள்கிறேன்" என்று அந்தச் சேவையகமே மற்றவற்றுக்குத் தெரிவிக்கும்படி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் அகற்றினால், மற்றச் சேவையகங்கள் அது இன்னும் இருப்பதாகவே நினைத்து, தொடர்புகொள்ள முயன்றுகொண்டே இருக்கும்.

இறுதியாக, எஞ்சியவற்றைத் துப்புரவு செய்ய வேண்டும். விலகிய ஊழியர்களின் கணக்குகள், இல்லாத கணினிகளின் பெயர்கள், பழைய அனுமதிகள், திறந்திருக்கும் இணைப்புகள் ஆகிய அனைத்தையும் தேடி நீக்க வேண்டும்.

மீண்டும் எழும் பதிவுகள்

இதில் வியப்பூட்டும் ஒரு செய்தி உண்டு. ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு கணக்கை நீக்கினால், அது அந்த நொடியே முழுமையாக மறைவதில்லை. அதன் இடத்தில், 'இது நீக்கப்பட்டது' என்று காட்டும் அடையாளம் ஒன்று வைக்கப்படும். ஆங்கிலத்தில் இதனைக் 'கல்லறைக் கல்' என்ற பொருள்தரும் சொல்லால் அழைக்கிறார்கள். எல்லாச் சேவையகங்களும் செய்தியை அறிந்துகொள்ளும் பொருட்டு, இந்த அடையாளம் பொதுவாக 180 நாள்கள் வைத்திருக்கப்படும்.

ஒரு சேவையகத்தை அணைத்துவிட்டு, அதற்கும் மேலான காலம் மறந்துவிட்டால் என்னவாகும்? அடையாளம் மறைந்த பிறகு அது கண்விழிக்கும். கணக்கு நீக்கப்பட்ட செய்தி அதற்குத் தெரியாது. அதன் படியில் அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கும். சில வேளைகளில், அதை மற்றச் சேவையகங்களுக்கும் அது திரும்பப் பரப்பிவிடக்கூடும். என்றோ நீக்கப்பட்ட கணக்கு மீண்டும் எழுந்து வந்துவிடும்! ஆகவே, சோதனைக்காக அணைத்ததையும் நாள்குறித்து நினைவில் வைக்க வேண்டும்.

நம் கையில் உள்ள சாவிகள்

இது கணினி வல்லுநர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. தொடக்கப்பள்ளியில் திறந்த மின்னஞ்சல் கணக்கு, ஒரு முறை விளையாடிவிட்டு மறந்த விளையாட்டுச் செயலி, பழைய கைப்பேசியில் வெளியேறாமல் விட்ட கணக்கு எனப் பலவும் நம்மிடம் உள்ளன. அவற்றில் நம் பெயரும் படங்களும் இருக்கின்றன. ஒரே மறைச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்தியிருந்தால், மறந்துபோன ஒரு கணக்கு மற்றக் கணக்குகளுக்கும் வழிகாட்டிவிடும்.

புதிய கடையைத் திறக்கும் நாளில் மாலையும் தோரணமும் கட்டுகிறோம். பழைய கடையின் சாவிகளை எண்ணி வாங்கி, பின்கதவைப் பூட்டும் வேலையை யாரும் கொண்டாடுவதில்லை. ஆனால், அந்த வேலையும் முடிந்தால்தான் இடமாற்றம் உண்மையில் முடிந்ததாகும்.