தைமஸ் அணுக்களின் மேனி அடையாளங்கள்

மார்பெலும்பின் பின்னே

மார்பெலும்புக்குப் பின்னே, இருதயத்துக்குச் சற்று மேலே அமைந்துள்ள தைமஸ் என்னும் சுரப்பி, பால்யத்தில் பருத்திருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடுவதால், நெடுங்காலம் பயனற்ற உறுப்பென்றே கருதப்பட்டது. பிறந்தவுடன் அது அகற்றப்பட்ட சுண்டெலிகள் நோயை எதிர்க்கும் சக்தியை இழக்கின்றன என்று 1961-இல் ஜாக் மில்லர் காட்டிய பின்னரே அதன் மகத்துவம் விளங்கிற்று.

அணுக்கள் தாங்கும் அடையாளம்

எலும்பு மஜ்ஜையில் பிறந்து ரத்தத்தின் வழியே தைமஸை அடையும் இளம் அணுக்கள், தொடக்கத்தில் சி.டி.4, சி.டி.8 என்னும் புரதங்கள் இரண்டுமின்றி இருந்து, பின்னர் இரண்டையும் ஒருசேரத் தம் மேற்பரப்பில் தாங்கி, முடிவில் ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு நோயை எதிர்க்கும் டி அணுக்களாக வெளியேறுகின்றன. திருவண்ணாமலையில் கிரிவலம் வருபவர் அக்னி லிங்கத்தருகே நிற்கிறாரா, குபேர லிங்கத்தருகே நிற்கிறாரா என்பதைக் கொண்டு அவர் கடந்த தூரத்தை அறிவதுபோல, இவ்வடையாளங்களைக் கொண்டு ஓர் அணுவின் வளர்ச்சியை வைத்தியர் அறிகிறார். இரண்டும் சேர்ந்திருக்கும் நடுப்பருவத்தில் சி.டி.1ஏ என்னும் மற்றோர் அடையாளமும் தோன்றிப் பின் மறைகிறது. உடலின் சொந்த எம்.எச்.சி. புரதங்களை இனங்காண இயலாதவையும், சொந்த உடலையே தாக்கக்கூடியவையும் அங்கேயே மடிகின்றன. நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இவ்வாறு அழிந்துபோகும் இக்கடுமையை நான் இயற்கையின் கருணையென்றே கொள்கிறேன்.

வளர்ச்சி தடைப்படும்போது

சில வேளை இளம் அணுவொன்று மரபணுக் கோளாறால் வளர்ச்சி தடைப்பட்டு, முதிராத நிலையிலேயே கட்டுக்கடங்காமல் பெருகுமாயின், அது டி அணு ரத்தப் புற்றுநோயாகிறது. சிறுவர்களிடமும் வாலிபர்களிடமும் காணப்படும் இந்நோயில், நெஞ்சினுள் கட்டி வளர்ந்து மூச்சுக்குழலை அழுத்துவதுண்டு. மல்லாந்து படுத்தால் மூச்சுத்திணறல், முகத்திலும் கழுத்திலும் வீக்கம், விடாத காய்ச்சல், வெளிறிய மேனி, காரணமின்றித் தோன்றும் ரத்தக்கட்டு ஆகியவற்றைக் கண்டவுடன் ஆஸ்துமா என்று முடிவு கட்டி, பரிசோதனைக்கு முன்பே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவிடுவது பெருந்தீங்கு. அம்மருந்தால் புற்றணுக்கள் தற்காலிகமாகக் குறைந்து, கட்டியும் சுருங்கி, உண்மை நோய் மறைந்துபோகும்.

வேலூர் வழி

சிறிது ரத்தத்தையோ மஜ்ஜையையோ எடுத்து, ஃப்ளோ சைட்டோமீட்டர் என்னும் கருவியில் லேசர் ஒளியின் முன் ஒவ்வோர் அணுவாகச் செலுத்தினால், ஒட்டவைத்த ஒளிரும் சாயங்கள் அவற்றின் அடையாளங்களைச் சொல்லிவிடும். சி.டி.1ஏ தென்பட்டால் நோய் நடுப்பருவ அணுவில் மூண்டதென்றும், அது பொதுவாக மருந்துக்கு நன்கு இணங்குமென்றும் அறியலாம். திருவண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரத்த நோய்களுக்கெனத் தனித்துறை இருக்கிறது. சென்னை அடையாறில் 1954-இல் தோன்றிய புற்றுநோய் நிலையமும் உண்டு. காலத்தே முறையான சிகிச்சை பெறும் குழந்தைகளில் பலர் பூரண குணமடைகிறார்கள்; ஆதலால் மேற்கூறிய குறிகள் தோன்றினால், மாத்திரையைத் தொடங்குமுன் ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் நெஞ்சு எக்ஸ்ரேயையும் பெற்றோர் அன்றே கேட்டு வாங்க வேண்டும்.