கீழ்விரி பட்டியல்களும் தோட்ட முகவரியும்

இணையப் படிவங்களில் ஒன்றையொன்று சார்ந்து விரியும் தெரிவுப் பட்டியல்கள் இன்று பெருவழக்காகிவிட்டன. மாவட்டத்தைத் தெரிவுசெய்தவுடன் அதன் பிரதேச செயலகப் பிரிவுகளும், அவற்றுள் ஒன்றைத் தெரிந்ததும் அதற்குட்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் தோன்றுகின்றன. இதனை வெறும் தொழினுட்ப வசதியாகக் கொள்வதே பொதுவழக்கு. மலையகத் தோட்டங்களில் நின்று நோக்குமிடத்து அவ்வாறு கொள்ளவியலாது என்பதே எமது கருத்து.

முதலில் அதன் இயங்குமுறையை நோக்குவோம். 1970இல் எட்கார் கொட் முன்வைத்த உறவுநிலைத் தரவு மாதிரியே இதன் அடிப்படை. தரவுத்தளத்தில் மாவட்டங்களுக்கு ஓர் அட்டவணையும் பிரிவுகளுக்கு மற்றோர் அட்டவணையும் உண்டு. பிரிவு அட்டவணையின் ஒவ்வொரு வரியும் தனக்குரிய இலக்கத்தோடு, தான் சார்ந்த மாவட்டத்தின் இலக்கத்தையும் தாங்கி நிற்கும். ஒருவர் நுவரெலியாவைத் தெரிந்ததும் உலாவி அம்மாவட்டத்தின் இலக்கத்தை வழங்கிக்கு அனுப்புகிறது. வழங்கி அவ்விலக்கத்தைக் கொண்ட வரிகளை மட்டும் வினவியெடுத்துத் திருப்புகிறது. அவற்றைக் கொண்டு உலாவி இரண்டாம் பட்டியலை நிரப்புகிறது. மூன்றாம் பட்டியலும் அக்கணமே வெறுமையாக்கப்படல் வேண்டும். அன்றேல் கொத்மலையிலிருந்து பதுளை மாவட்டத்துக்கு மாறிய பின்னரும் பழைய கிராமப் பிரிவு படிவத்தில் எஞ்சி நிற்கும். உலாவியில் தோன்றாத இலக்கத்தையும் ஒருவர் அனுப்பிவிட முடியுமாதலால், வந்த இலக்கங்கள் உண்மையில் ஒன்றையொன்று சார்ந்தனவா என வழங்கி மீளவும் சோதித்தல் வேண்டும். இவை யாவும் சிறிது பயிற்சியுள்ள எவர்க்கும் கைகூடுவனவே.

ஆயின் இவ்வமைப்பு ஓர் எடுகோளின் மீது நிற்கின்றது: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு தாய். மாவட்டம், பிரதேச செயலகம், கிராமம் என்னும் அரச நிருவாகப் படிநிலைக்கு இது பொருந்தும். தோட்டத்தின் படிநிலையோ வேறு. கம்பனி, தோட்டம், டிவிசன், லயம், காம்பரா என்று இறங்கும் அந்தப் படிநிலை, மக்களின் வாழ்விடத்தையன்றி உழைப்பைக் கண்காணிக்கும் தேவையை முதன்மையாகக் கொண்டு பெருந்தோட்ட மூலதனத்தால் வகுக்கப்பட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. லயத்து முகவரி மட்டும் மாறவில்லை. தோட்டக் காரியாலயத்தின் பொது முகவரிக்கு வந்த கடிதத்துக்காகக் காத்திருத்தல் மலையகத்தார் நன்கறிந்த அனுபவம்.

ஒரு தோட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் பரந்து கிடக்கலாம்; ஒரே பிரிவுக்குள் பல தோட்டங்களும் அடங்கலாம். இந்நிலையில் தோட்ட அட்டவணையில் ஒரு தாய் இலக்கத்தை மட்டும் எழுதிவைத்தால் ஏனைய பிரிவுகளில் வாழ்வோர் தம் தோட்டத்தைப் பட்டியலிற் காணார். 'ஏனையவை' என்பதை அழுத்துவதே அவர்க்கு எஞ்சும் வழி. அழுத்திய பின் அவர் எத்தோட்டத்தவர் என்பது எந்தக் கணக்கிலும் வராது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்து 2018இலேயே திருத்தப்பட்டது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். சட்டத்தில் இருந்த விடுபாடு அட்டவணையில் வேறு உருவெடுக்கின்றது. முன்னையதை எதிர்த்துப் பேசலாம், பின்னையது கண்ணுக்கே புலப்படாது.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. தோட்டத்தையும் கிராமப் பிரிவையும் இணைக்கும் மூன்றாவது அட்டவணை ஒன்று வேண்டும். அதன் ஒவ்வொரு வரியிலும் இரு இலக்கங்கள் மட்டுமே இருக்கும். அம்பகமுவையிலிருந்து நோர்வூட் பிரிந்தமை போன்ற எல்லை மாற்றங்கள் நிகழ்வதால், இணைப்பு எத்திகதி முதல் எத்திகதி வரை செல்லும் என்பதையும் அதிற் குறித்தல் நன்று. ஹோலிரூட், டன்சினன் என்றாற்போன்ற பதிவுப் பெயர்களுடன் தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர்களும் ஒரே இலக்கத்தின் கீழ் இடம்பெறல் வேண்டும். வரிசையையும் தலைகீழாக்கலாம்: முதலில் தோட்டத்தைத் தெரிந்தால் அது பரந்துள்ள கிராமப் பிரிவுகள் விரியும், மாவட்டம் தானே நிரம்பும். லய இலக்கத்துக்குரிய கட்டத்தில் எழுத இடம்விட வேண்டும். இலக்கமிடப்படாத லயங்களும் உண்டாதலால் அதனைக் கட்டாயமாக்கலாகாது.