பழைய கேப்டன் எதிரணி ஜெர்சியில் வந்தால்... ரசிகர்கள் கைதட்டுவதா, கத்துவதா?

திருத்தணியில் மின்சார ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம்தான். சென்னையின் எஃப்.சி ஆட்டத்துக்கு இந்த வழியில் வரும் ரசிகருக்கு வழக்கமாக இரண்டே கவலை. நம்ம டீம் ஜெயிக்குமா? ஆட்டம் முடிந்து ஊருக்குத் திரும்ப ரயில் கிடைக்குமா?

2023 அக்டோபர் 7 அன்று மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. அன்று சென்னைக்கு வந்த எதிரணி மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட். சில மாதங்களுக்கு முன்புவரை சென்னையின் கேப்டனாக இருந்த அனிருத் தாப்பாவின் புதிய அணி. அவர் பெயரைக் கேட்டால் கைதட்டுவதா, கத்துவதா?

யார் இந்த தாப்பா?

டேராடூன்காரர். 2016-ல் 18 வயதில் சென்னை அணிக்கு வந்தார். ஏழு சீசன் இங்கேயே ஆடினார். 2017-18 சீசனின் இறுதிப் போட்டியில் பெங்களூருவை 3-2 என வீழ்த்திக் கோப்பையைத் தூக்கிய அணியில் அவரும் உண்டு. வெளிநாட்டு வீரர்கள் வருவார்கள், ஒரு சீசன் ஆடுவார்கள், போவார்கள். அவர்கள் மேல் கோபப்படக்கூட நேரம் இருக்காது. ஆனால் கண்ணெதிரே வளர்ந்த பையன் கிளம்பினால் வலிக்கும். 2023 கோடையில் கொல்கத்தா கிளப் நீண்டகால ஒப்பந்தம் கொடுத்தது, தாப்பா கிளம்பிவிட்டார். சென்னையின் முன்னாள் கோல்கீப்பர் விஷால் கெய்த் அதற்கு முந்தைய ஆண்டே அதே கிளப்புக்குப் போயிருந்தார் என்பது எரிகிற தீயில் எண்ணெய்.

அஸ்வினைத் திட்டாதவர்கள் தாப்பாவை மட்டும் ஏன்?

நியாயமான கேள்வி. 2023 ஏப்ரல் 12 அன்று சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் அணி சி.எஸ்.கே.வை 3 ரன்னில் வென்றது. ஆட்டநாயகன் நம்ம ஊர் அஸ்வின். ஒரு காலத்தில் மஞ்சள் ஜெர்சியில் பந்து வீசியவர்தான். ஆனாலும் அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. காரணம் எளிது. ஐ.பி.எல்-லில் வீரர் எங்கே போவார் என்பதைப் பெரும்பாலும் ஏலம்தான் தீர்மானிக்கிறது. 2018 ஏலத்தில் அஸ்வினைப் பஞ்சாப் 7.6 கோடிக்கு எடுத்தது. அவர் போகிறேன் என்று சொல்லிப் போகவில்லை. 2025 சீசனுக்கு 9.75 கோடிக்கு சென்னை திரும்ப வாங்கியதும் அதே ஏலத்தில்தான்.

கால்பந்தில் கதையே வேறு. ஒப்பந்தம் முடிந்தால் வீரர் விரும்பிய கிளப்புக்குப் போகலாம். ஒப்பந்தம் பாக்கி இருந்தால் புது கிளப் பழைய கிளப்புக்குப் பணம் கட்டி வாங்க வேண்டும். இரண்டிலும் வீரரின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துதான் ரசிகரின் கண்ணை உறுத்துகிறது. 'வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?'

உலகம் முழுக்க இதே பாடுதான்

பார்சிலோனாவின் செல்லப்பிள்ளை லூயிஸ் ஃபிகோ 2000-ல் நேராகப் பரம எதிரி ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். 2002 நவம்பரில் பார்சிலோனா மைதானத்தில் கார்னர் அடிக்கப் போனவரை நோக்கிப் பாட்டில்கள் பறந்தன, ஒரு பன்றித் தலையும் வந்து விழுந்தது. ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று.

இன்னொரு பக்கம் இத்தாலியின் ஃபியோரென்டினா அணிக்கு ஒன்பது சீசன் ஆடிய பாடிஸ்டுடா. அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோதும் விட்டுப் போகாதவர். லீக் பட்டம் மட்டும் கிடைக்கவே இல்லை. அதைத் தேடி 2000-ல் ரோமா அணிக்குப் போனார். அதே நவம்பரில் பழைய அணிக்கு எதிராக வெற்றி கோல் அடித்துவிட்டு, கொண்டாடாமல் அழுதார். அடுத்த ஆண்டு பட்டமும் கிடைத்தது. அவரை வெறுக்க யாருக்கு மனசு வரும்?

ஆக, எங்கே போனார் என்பது ஒன்று. போவதற்கு முன் எவ்வளவு பொறுத்தார், வந்து கோல் அடித்தால் என்ன செய்கிறார் என்பதும் கணக்கில் வரும். 2009-ல் மான்செஸ்டர் சிட்டிக்காக ஆடிய அடேபயோர், பழைய அணியான ஆர்சனலுக்கு எதிராக கோல் அடித்துவிட்டு மைதானத்தின் மறுகோடியில் இருந்த ஆர்சனல் ரசிகர்கள் வரை ஓடிப்போய்க் கொண்டாடினார். இன்றைக்கும் அந்த ஓட்டத்தை யாரும் மறக்கவில்லை.

சென்னையின் கணக்கில் ஒரு வேடிக்கை

2019-20 சீசனின் நடுவில், தடுமாறிக்கொண்டிருந்த சென்னை அணியைக் கையில் எடுத்து இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர் பயிற்சியாளர் ஓவன் காயில். அந்த சீசனில் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வென்றவர் வால்ஸ்கிஸ். சீசன் முடிந்ததும் இருவரும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள்.

2020 நவம்பர் 24. அடுத்த சீசனில் சென்னையின் முதல் ஆட்டமே ஜாம்ஷெட்பூருடன். வால்ஸ்கிஸ் பழைய அணிக்கு எதிராக கோல் அடித்தார். ஆனால் அதற்கு முன்பே, ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் முடிவதற்குள் சென்னைக்கு கோல் போட்டவர் யார் தெரியுமா? தாப்பாதான்! சென்னை 2-1 என வென்றது. கோவிட் காலம் என்பதால் கோவாவில் காலி கேலரி முன்னால் நடந்த ஆட்டம் அது. கைதட்டவும் ஆள் இல்லை, கத்தவும் ஆள் இல்லை. ரசிகர்கள் வீட்டில் டி.வி முன்னால் உட்கார்ந்து திட்டியதோடு சரி.

பிறகு வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் சென்னைக்கே திரும்பினார். ஜாம்ஷெட்பூருக்கு லீக் ஷீல்டு வென்று கொடுத்த காயிலும் 2023-ல் திரும்பினார். அவரை யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. அதாவது, அந்த அக்டோபர் ஆட்டத்தில் சென்னையின் பெஞ்சில் இருந்தவர் போய்விட்டுத் திரும்பியவர். போன குற்றத்துக்கு இருவருக்கும் ஒரே சட்டம் என்றால் தாப்பாவை மட்டும் திட்ட முடியாது.

அப்போ கோபம் யார் மேல்?

பாதி, சொந்த கிளப் மேல்தான். தாப்பாவின் கடைசி சீசனில் சென்னை எட்டாம் இடம். 2020 இறுதிப் போட்டிக்குப் பிறகு அதுவரை பிளே-ஆஃப் பக்கமே போயிருக்கவில்லை. நல்ல வீரர் கிளம்பும்போது 'இங்க இருந்தா எதுவும் ஜெயிக்க முடியாது' என்று சொல்லாமல் சொல்கிறார். அது உண்மையாக இருந்துவிடுமோ என்பதுதான் ரசிகரின் பயம். வீரருக்கு டிரான்ஸ்பர் விண்டோ உண்டு, ரசிகருக்கு அது கிடையாது. திருத்தணியே 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவில் இருந்து சென்னை மாநிலத்துக்கு மாறிய ஊர்தான். ஆனால் ஊர் மாநிலம் மாறுவது வேறு, ரசிகர் டீம் மாறுவது வேறு.

அந்த பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. அக்டோபர் ஆட்டத்தில் மோகன் பகான் 3-1 என ஜெயித்தது. அந்த சீசனின் லீக் ஷீல்டும் அவர்களுக்கே போனது. அடுத்த சீசனில் ஷீல்டு, கோப்பை இரண்டும்.

ஆனால் 2024 மார்ச் 31 அன்று கொல்கத்தா சால்ட் லேக்கில் நடந்த மறு ஆட்டத்தைச் சென்னை ரசிகர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 2-2 என இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், கூடுதல் நிமிடங்களில் இர்ஃபான் யத்வாட் கோல் அடித்தார். சென்னை 3-2. யத்வாட் அந்த சீசனில்தான் அணிக்கு வந்தவர், தாப்பா கிளம்பிய அதே சீசனில்.