வலியின்றி வளரும் தாடைக் கட்டி

முளைக்காத பல்

ஒரு பக்கத்துப் பல் முளைத்து 6 மாதங்கள் கழிந்தும் அதற்கு இணையான மறுபக்கத்துப் பல் தலைகாட்டாதிருக்குமானால், ‘சில குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் வரும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் கூறும் சமாதானம் பெரும்பாலும் மெய்யாகவே இருக்கலாம். ஆயினும், பல்லாக உருவாக வேண்டிய திசுக்கள் எலும்புக்குள் தாறுமாறாகத் திரண்டு, ஓடன்டோமா என்னும் கட்டியாகி வழியை மறித்து நிற்பதும் உண்டாதலால், ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவதே உசிதம். இக்கட்டி சாது சுபாவமுடையது. எடுத்துவிட்டால் மீண்டும் தோன்றுவது அபூர்வம்.

வலியில்லாமை என்னும் மயக்கம்

அமெலோபிளாஸ்டோமா என்னும் மற்றொரு தாடைக் கட்டியின் குணம் வேறு. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பகுதியில், கடைவாய்ப் பல்லை அடுத்துத் தோன்றும் இது, புற்றுநோய் வகையைச் சேர்ந்ததன்று எனினும், எலும்பை உள்ளிருந்தே அரித்து, பல்லை ஆட்டங்காணச் செய்து, முகத்தின் ஒரு புறத்தை மெல்ல மெல்லப் புடைக்க வைப்பது. இவ்வளவையும் பல காலம் வலியின்றியே நடத்திவிடுவதுதான் இதன் பிரதான அபாயம். கன்னம் வீங்கிய மாத்திரத்தில் பல்லில் சீழ் என்று தீர்மானித்து, நோவும் சுரமும் இல்லாத பிள்ளைக்கு மாத்திரைமேல் மாத்திரை கொடுத்து மாதங்களைக் கழிப்பதைப் போன்ற அவிவேகம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

நோயை நிர்ணயித்தல்

தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயும், வேண்டுமிடத்துச் சி.டி. ஸ்கேனும் கட்டியின் எல்லையைக் காட்டுமேயன்றி, அதன் ஜாதியைச் சொல்வது பயாப்ஸிதான். அதிலும் ஒரு சிக்கலுண்டு: ராட்சத உயிரணுக்கள் நிறைந்த கட்டியொன்று நுண்ணோக்கியில் தென்படுமானால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பதாலும் அதே தோற்றம் உண்டாகக்கூடுமாகையால், ரத்தத்தில் கால்சியத்தையும் அச்சுரப்பியின் ஹார்மோனையும் சோதித்த பின்னரே தாடையில் கத்தி வைப்பது முறை.

வளரும் எலும்பும் சிகிச்சையும்

பெரியவர்களுக்கு அமெலோபிளாஸ்டோமாவோடு சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் சிறிது சேர்த்து வெட்டியெடுப்பது வழக்கம். வளரும் பிள்ளைக்கும் அவ்வாறே செய்தால் பல்வரிசையும் முக வளர்ச்சியும் பழுதுபடும். ஆகவே, இளம்பிராயத்தில் மிகுதியாகக் காணும் ஒற்றை நீர்ப்பை வகையில், பையில் சிறு திறப்பு அமைத்து, உள்ளிருக்கும் நீரை வடியவிட்டு, அது சுருங்கி எலும்பு நிறைந்து வந்தபின் எஞ்சியதைச் சுரண்டியெடுக்கும் முறையைப் பல அறுவை நிபுணர்கள் கைக்கொள்கின்றனர். 1933-இல் வில்லியம் ஜோன்ஸ் விவரித்த செருபிசம் என்னும் தாடை நோயிலோ, இரு கன்னங்களும் புடைத்த குழந்தைக்குப் பருவமெய்திய பின் வீக்கம் பெரும்பாலும் தானே தணிவதால், பல சமயங்களில் காத்திருப்பதே சிகிச்சையாகிவிடுகிறது.

எலும்பைக் காத்துச் செய்யும் சிகிச்சையில் அமெலோபிளாஸ்டோமா மறுபடி தலையெடுக்கும் வாய்ப்பு அதிகம். 10 ஆண்டுகள் கடந்த பின்னும் அது திரும்பியதுண்டு. அதற்குள் பிள்ளை படிப்புக்கென்றோ உத்தியோகத்துக்கென்றோ வேறூர் சேர்ந்து, வைத்தியரும் மாறியிருப்பாராதலால், பழைய எக்ஸ்ரே படங்களும் பயாப்ஸி அறிக்கையும் வீட்டில் பத்திரமாக இருந்தால்தான் புதியவர் ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.