சுவர் ஏறும் சிறுவர்கள்: கற்றுத் தர ஆள் எங்கே?

புது தில்லி: ஆள் உயரச் சுவரின் உச்சியைப் பற்றிவிட்டு மேலே எழும்ப முடியாமல் ஒரு மாணவன் தொங்குகிறான் என்றால், கீழே நிற்கும் அவனது அணியினருக்கு அது வேடிக்கையன்று. அவன் இழக்கும் ஒவ்வொரு நொடியும் அணியின் கணக்கில்தான் சேரும். தில்லி கன்டோன்மென்டில் ஆண்டுதோறும் நடைபெறும் "தல் சைனிக்" முகாமில் தேசிய மாணவர் படையினருக்கு நடத்தப்படும் தடை தாண்டும் போட்டியின் சாரம் இதுவே.

நாட்டின் 17 என்.சி.சி. இயக்குநரகங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவ, மாணவியர் இம்முகாமுக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பப்படுகின்றனர். தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிகோபார் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே இயக்குநரகம். துப்பாக்கி சுடுதல், வரைபடம் படித்தல், கூடாரம் அடித்தல் எனப் போட்டிகள் பல இருந்தாலும், உடலையும் மனத்தையும் ஒருசேரச் சோதிப்பது தடை ஓட்டமே.

ஒடுக்கமான கட்டையின் மீது விழாமல் நடக்க வேண்டும். அடுத்து, வளைந்து வளைந்து செல்லும் கட்டை. பிறகு அடுத்தடுத்த இரு பள்ளங்கள், ஒரு கையை ஊன்றித் தாண்ட வேண்டிய தடுப்புகள், சுவர், ஓடி ஏறிக் குதிக்க வேண்டிய சாய்தளம். முதல் கட்டையில் மூச்சை வீணடித்தவன் சுவரில் சிக்குவான். வலுவைவிட நிதானமே இங்கு கைகொடுக்கிறது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவன் பள்ளத்தின் முன் தயங்கி நிற்பதும், கடைசி வரிசைக்காரன் அவனுக்கு உத்தி சொல்லித் தருவதும் இத்திடலில் நடக்கக்கூடியவை. விழுந்தவன் எழுந்து மீண்டும் ஓடுவதற்கு மதிப்பளிக்கும் தேர்வு நமது கல்வி முறையில் வேறு எங்கு உள்ளது?

குன்ஸ்ரு குழுவின் பரிந்துரையை அடுத்து, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவானது என்.சி.சி. மறு ஆண்டே மாணவியருக்கும் பிரிவு தொடங்கப்பட்டது. சீனப் போருக்குப் பின் 1963-இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டு, 1968-இல் மீண்டும் விருப்பப் பயிற்சியானது. கட்டாயத்தின் பேரில் துணிவை ஊட்ட முடியாது என்பதால் அம்மாற்றம் சரியானதே.

எனினும், இன்று விரும்பிக் கேட்கும் மாணவர்கள் அனைவருக்கும் இடம் கிடைப்பதில்லை. தொடக்கத்தில் 20 ஆயிரமாக இருந்த படையின் அனுமதிக்கப்பட்ட பலத்தை 20 லட்சமாக உயர்த்தும் வகையில், மேலும் 3 லட்சம் இடங்களுக்கு 2024-இல் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒப்புதல் அளித்தார். முன்னாள் படை வீரர்களைப் பயிற்சியாளர்களாக அமர்த்தும் திட்டமும் அதில் அடக்கம். மேல்நிலைப் பள்ளிகளில், குறிப்பாகப் பழங்குடியினர் பகுதிகளில், என்.சி.சி. பிரிவுகள் தொடங்குவதை 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஊக்குவிக்கிறது.

இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது எளிது. ஆசிரியரைத் தேடுவதுதான் கடினம். பள்ளியில் படையை நடத்துபவர் கணக்கோ வரலாறோ கற்பிக்கும் ஆசிரியர்தான். ஆண்கள் நாகபுரி அருகேயுள்ள காம்ப்டியிலும், பெண்கள் குவாலியரிலும் பயிற்சி முடித்து வர வேண்டும். வகுப்புச் சுமையுடன் இப்பொறுப்பையும் சேர்த்து ஏற்க முன்வருவோர் எத்தனை பேர்?

இந்த இடைவெளியில்தான் ஆபத்து நுழைகிறது. 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி என்ற பெயரில் மாடியிலிருந்து குதிக்கவைக்கப்பட்ட 19 வயது மாணவி உயிரிழந்தார். பயிற்சி அளித்தவருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை எனத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தப்பட்டு, மாணவியர் பாலியல் கொடுமைக்கு ஆளான செய்தி நாட்டையே அதிரவைத்தது. அம்முகாமை நடத்தியவருக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை என்பது பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. சீருடையையும் விசிலையும் பார்த்ததும் யாரும் சான்றிதழைக் கேட்பதில்லை போலும்.

உண்மையான பயிற்சியில் தடைகள் படிப்படியாகவே உயர்த்தப்படும், குதிக்குமிடம் மென்மையாக்கப்பட்டிருக்கும், மறுப்பவரைத் தள்ளிவிடும் பேச்சுக்கே இடமில்லை. என்.சி.சி. முகாம்களை அதன் பட்டாலியன்களே நடத்துகின்றன. எனவே எந்தப் பட்டாலியன், பொறுப்பு அதிகாரி யார், மாணவியருடன் தங்கும் பெண் அலுவலர் யார் எனப் பெற்றோர் பள்ளியிடம் கேட்டு, அந்தப் பட்டாலியன் அலுவலகத்திலேயே உறுதி செய்துகொள்ளலாம்.

இடப் பற்றாக்குறை தனிக் கதை. ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். தலைநகரின் நெரிசலான பகுதிகளில் உள்ள பள்ளிகளுக்கோ காலை வழிபாட்டுக்கே இடம் போதாது. அங்கே கட்டையையும் பள்ளத்தையும் எங்கே அமைப்பது என்பதற்கு 3 லட்சம் புதிய இடங்களை அறிவித்தவர்களும் விடை தேட வேண்டியிருக்கும்.