இக்காமாவில் ஒரு வரி

இலங்கைத்துறை முகத்துவாரத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தபடி இரண்டு இக்காமாக்களை, அதாவது சவூதி வதிவிட அட்டைகளைப் பார்த்தேன். இரண்டும் கைத்தொலைபேசிக்கு வந்த படங்கள். ஒன்று அந்த வீட்டு மகனுடையது, மற்றது அவனுடைய மச்சானுடையது. ஒரே கிழமையில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய இருவரும் ரியாத்தில் வாகனம் ஓட்டுகிறார்கள். மச்சான் பழைய கொம்பனியை விட்டுக் கூடுதல் சம்பளத்துக்கு வேறு கொம்பனிக்கு மாறிவிட்டான். மகனால் மாற முடியவில்லை. கஃபீல் (பிணை நிற்கும் முதலாளி) விடுகிறான் இல்லை, வெளியால பாயப்போகிறேன் என்று முதல்நாள் இரவு குரல் செய்தி அனுப்பியிருந்தான்.

"அவனுக்கு விட்டிருக்கு. இவன மட்டும் ஏன் தம்பி விடுறானுகள் இல்ல?" என்று தாய் கேட்டா.

அரபு வாசிக்கத் தெரிந்த மூதூர் நண்பர் ஒருவருக்கு இரண்டு படங்களையும் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. தொழில் என்ற வரியைப் பார்க்கச் சொன்னார். மச்சானின் அட்டையில் 'ஸாயிக் ஷாஹினா', அதாவது லொறிச் சாரதி. மகனின் அட்டையில் 'ஸாயிக் காஸ்', ஒரு வீட்டுக்காரரின் சொந்தச் சாரதி. சவூதிச் சட்டத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய மதில் இருக்கிறது.

சவூதி அரேபியா 2020 நவம்பரில் அறிவித்து, 2021 மார்ச் 14 முதல் நடைமுறைப்படுத்திய சீர்திருத்தத்தின்படி, தனியார் நிறுவனத் தொழிலாளி ஓராண்டு வேலை செய்தபின் 90 நாள் முன்னறிவித்தல் கொடுத்து, முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் தடையே இல்லை. தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் கிடைக்காவிட்டால் ஓராண்டு வரை காத்திருக்கவும் தேவையில்லை. எல்லாம் 'கிவா' என்ற அரச இணையத்தளம் வழியாக நடக்கும். ஆனால் அந்தச் சீர்திருத்தம் ஐந்து வகைத் தொழிலாளரை வெளியே விட்டது: வீட்டுப் பணியாளர், வீட்டுச் சாரதி, வீட்டுக் காவலாளி, தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர். இந்தக் கரையிலிருந்து போகிறவர்களில் எத்தனையோ பேர் இந்த ஐந்துக்குள்தான் அடங்குகிறார்கள். வீட்டு விசா கெதியில் கிடைக்கும், செலவும் குறைவு என்று சப் ஏஜென்ட் சொல்வான். அந்த அவசரத்தில் அரபு வரியை வாசித்துக் காட்ட ஆளிருக்காது.

'கஃபாலா' என்றால் பிணை நிற்றல். வந்தவருக்குப் பொறுப்பாக உள்ளூர்க்காரர் ஒருவர் நிற்பது என்ற ஏற்பாடு, வந்தவரின் வேலை, வதிவிட அனுமதி, நாடு திரும்பும் உரிமை மூன்றையும் அந்த ஒருவரின் கையில் கொண்டுபோய் வைத்தது. வேலை மாற அவருடைய 'தனாசுல்', அதாவது விடுவிப்புக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். கொடுக்க மறுத்த கஃபீல் ஆத்திரத்தில் 'ஹுரூப்' போட்டுவிட்டால், ஓடிப்போனவர் என்று பதிவாகிவிடும். பிறகு பொலிசைக் கண்டால் ஒளிய வேண்டும், பிடிபட்டால் தர்ஹீல் என்ற தடுப்பு முகாம், பிறகு நாடுகடத்தல். மகன் பாய்ந்திருந்தால் இதுதான் நடந்திருக்கும். அதனால் முதல் வேலையாக அவனுக்கு எடுத்து, எந்தக் காரணம் கொண்டும் வெளியேறாதே என்றுதான் சொன்னேன். சட்டப்படி கிடைக்கக்கூடிய வழிகளும் ஹுரூப் விழுந்தால் சிக்கலாகிவிடும்.

வீட்டுத் தொழிலாளருக்கு வழியே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மூன்று மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தாலோ, கஃபீல் அவரை வேறொருவருக்கு வேலைக்கு விட்டாலோ, பொய்யாக ஹுரூப் போட்டாலோ, முதலாளியின் சம்மதமின்றி மாற்றம் கேட்கச் சவூதித் தொழில் அமைச்சின் விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளி. சம்பளம் கையில் கொடுக்கப்பட்டிருந்தால் என்ன ஆதாரம் காட்டுவார்? பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பெண் எந்த அலுவலகப் படி ஏறுவாள்?

கட்டார் இதில் ஒருபடி முன்னால் போனது. 2020 ஆகஸ்டில் அறிவித்த சட்டங்கள், வீட்டுப் பணியாளர் உட்பட எல்லோருக்கும் என்.ஓ.சி. என்ற பழைய முதலாளியின் சம்மதக் கடிதத் தேவையை நீக்கின. இரண்டு ஆண்டு வரை வேலை செய்தவர் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தால் போதும், அதற்கு மேல் என்றால் இரண்டு மாதம். தகுதிகாண் காலத்திலும் மாறலாம், அப்போது புதிய முதலாளி பழையவருக்கு இழப்பீடு கட்டுவார். 2021 மார்ச் முதல் மாதம் 1,000 ரியால் அடிப்படைச் சம்பளமும் கட்டாயமானது. முதல் ஓராண்டுக் காலத்தில் 2 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வேலை மாறினார்கள் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணக்குச் சொன்னது. ஒரு கடிதம் இல்லாமல் போனதால் அத்தனை பேர் எழுந்து நடந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் எப்படிக் கட்டுண்டு கிடந்திருக்க வேண்டும்!

அங்கேயும் குறை உண்டு. சட்டம் கேட்காவிட்டாலும், பழைய முதலாளி முத்திரை குத்திய இராஜினாமாக் கடிதம் வேண்டும் என்று கேட்கப்பட்டதை அதே அமைப்பின் அறிக்கைகள் பதிவு செய்தன. மாற விண்ணப்பித்ததற்காக வதிவிட அட்டையை இரத்துச் செய்த முதலாளிகளும் இருந்தார்கள். அமீரகத்தில் 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் முன்னறிவித்தலோடு மாற இடம் தருகிறது, ஆனால் வீட்டுப் பணியாளருக்கு அங்கே வேறு சட்டம். குவைத் 2024இல் இரண்டு மாதம் மட்டும் வீட்டு விசாக்காரரை நிறுவன விசாவுக்கு மாறவிட்டது, அதுவும் கஃபீலின் சம்மதத்தோடு. 2025 ஜூலையிலிருந்து அங்கே நிறுவனத் தொழிலாளர் நாட்டை விட்டு வெளியேறுவதற்கே முதலாளியின் அனுமதி பெற வேண்டும். வளைகுடா முழுக்க ஒரே திசையில் போகிறது என்று நம்பிவிட வேண்டாம்.

இங்கிருந்து திருகோணமலைக்குப் போகும் பஸ் மூதூரைத் தாண்டித்தான் போகும். மூதூரைக் கடக்கும்போது அந்த ஊர் ரிசானா நபீக்கை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. 2005இல் சவூதிக்குப் போனபோது அந்தப் பிள்ளைக்கு வயது 17. கடவுச்சீட்டில் ஏறியிருந்த பொய் வயது அவளைப் பெரியவளாகக் காட்டியது. வீட்டு வேலைக்குப் போனவளிடம் கைக்குழந்தையை ஒப்படைத்தார்கள். குழந்தை இறந்தது, 2013 ஜனவரி 9இல் அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தாளில் ஏறும் ஒரு பொய், வாசிக்க முடியாத ஒரு வரி, எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை எங்கள் மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூதூரைத் தாண்டினால் கிண்ணியாப் பாலம். 2009இல் சவூதி உதவியோடு கட்டித் திறந்தது. அந்தப் பாலத்தின் மேலால்தான் எங்கள் பிள்ளைகள் சூட்கேசோடு போகிறார்கள்.

2024இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் இலங்கைக்கு அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கும் மேல். 2022இல் நாடு வங்குரோத்தானபோது 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் போனார்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது, பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 2013 முதல் பல ஆண்டுகள், வீட்டு வேலைக்குப் போகும் தாயிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். பிள்ளையை யார் பார்ப்பார் என்று கேட்ட அதே அக்கறையோடு, போகிற இடத்தில் கொடுமை நடந்தால் வேறு வீட்டுக்கு மாற வழியுண்டா, இந்த விசாவில் எழுதியிருக்கும் தொழில் எந்தச் சட்டத்துக்குள் வரும் என்பதையும் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்காவது கேட்க வேண்டும். கையெழுத்து வைப்பதற்கு முதல், தமிழில், போகிறவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாறினால் மிச்சக் காலத்துக்கு இழப்பீடு கேட்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதும் அதில் அடங்கும். அந்த மச்சான் தப்பியது அவனுடைய கெட்டித்தனத்தால் அல்ல, ஒரு சொல் சரியாக விழுந்ததால். ஒருவனுடைய வாழ்வை அப்படி அதிர்ஷ்டத்திடம் விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

மகனுக்குச் சம்பளம் ஒழுங்காகத்தான் வருகிறது, அதனால் விதிவிலக்குக்குள் அவன் வரமாட்டான். இரண்டு வருட ஒப்பந்தத்தில் நாலு மாதம் மிச்சம். முடித்து, 'குரூஜ்' (வெளியேறும் விசா) அடித்து வந்து, சரியான விசாவில் திரும்பிப் போவது என்று அன்றிரவே முடிவாயிற்று.

நான் எழும்பும்போது தாய் நிற்கச் சொன்னா. சுவர்க் கலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து, வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி நீட்டினா. இளையவனும் பாஸ்போட் எடுத்திருக்கிறானாம்.

"அந்த ரெண்டு அரபுச் சொல்லையும் தமிழ்ல எழுதித் தாங்க தம்பி. எது வேணாம் எண்டும் போடுங்க."

எழுதினேன். 'ஸாயிக் காஸ்' என்பதன் கீழே இரண்டு கோடு இழுக்கச் சொன்னா.