நெட் மெதுவாக இருக்கிறதா? பிளானை மாற்றுமுன் இதைப் பாருங்கள்



சென்ற மாதம் ஒரு சகோதரி தன் மகளை அழைத்துக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். வருமானச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் வீட்டிலிருந்து ஏறவே இல்லை. பாதியில் நின்று நின்று போயிருக்கிறது. நம் கம்ப்யூட்டரில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. "நானா, மாசம் முந்நூறு ரூவா கூடக் கட்டி நூறு எம்பி பிளானுக்கு மாறுனோம். அப்பவும் இப்படியேதான் இருக்கு" என்றார். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்பும் பணத்திலிருந்துதான் அந்த முந்நூறும் போகிறது.

மறுநாள் மகனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வைஃபை பெட்டி முன் ஹாலில் டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டித் தரையில் கிடந்தது. பிள்ளை படிக்கும் அறை இரண்டு சுவர் தாண்டிக் கடைசியில். பெட்டி அருகே நின்று சோதித்தால் வேகம் 90க்கு மேல். பிள்ளையின் அறையில் 4. கம்பெனி கொடுத்தது வீடு வரை சரியாக வந்திருக்கிறது, வீட்டுக்குள்தான் தொலைந்துபோனது. பெட்டியை நடுவில் உள்ள தாழ்வார அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினோம். அறையில் 38 வந்தது. இந்த மாதம் பழைய பிளானுக்கே திரும்பிவிட்டார்கள்.

ஆகவே, முதலில் கண்டுபிடிக்க வேண்டியது குறை வெளியிலிருந்து வரும் லைனிலா, வீட்டுக்குள் வைஃபையிலா என்பதைத்தான். லேப்டாப் இருந்தால் லேன் கேபிளைப் பெட்டியில் நேரடியாகச் செருகி, டிவி, மற்ற ஃபோன்கள் எல்லாவற்றிலும் நெட்டை நிறுத்திவிட்டு, ஸ்பீட்டெஸ்ட் போன்ற ஒரு தளத்தில் சோதியுங்கள். லேப்டாப் இல்லாதவர்கள் பெட்டிக்கு இரண்டு முழ தூரத்தில் ஃபோனை வைத்துப் பார்க்கலாம். பஜ்ருக்குப் பிறகு ஒரு முறை, இஷாவுக்குப் பிறகு ஒரு முறை பார்த்து எழுதி வையுங்கள். பிறகு அதே சோதனையை அறை அறையாகச் செய்யுங்கள்.

எண்ணைப் படிப்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. 40 எம்பி பிளான் என்பது நொடிக்கு 40 மெகாபிட். ஃபைலின் அளவைச் சொல்வது பைட்டில். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே ஃபைல் இறங்கும்போது நொடிக்கு 5 எம்பி என்று காட்டினால் அதுதான் முழு வேகம். கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று என்னிடம் வந்த இருவருக்கு இதைச் சொன்னதோடு பிரச்சினை முடிந்தது. சோதனையில் அப்லோட் என்று தனியாக வரும் எண்ணையும் பாருங்கள். விண்ணப்பம் ஏற்றவும், வீடியோ காலில் நம் முகம் எதிர்முனைக்குத் தெளிவாகப் போகவும் அதுதான் தேவை.

பெட்டி அருகே நல்ல வேகமும் அறையில் குறைவும் என்றால் இடத்தை மாற்றுங்கள். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, கான்கிரீட் சுவர் எல்லாம் அலையைத் தடுக்கும். பல பெட்டிகளில் இரண்டு பெயர்கள் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலே தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். பக்கத்தில் இருப்பவர்கள் 5ஐயும் தூரத்தில் இருப்பவர்கள் 2.4ஐயும் பிடியுங்கள். கடையில் விற்கும் ரிப்பீட்டரைச் சிக்னல் இல்லாத அறையிலேயே மாட்டுகிறார்கள். இல்லாத சிக்னலை அது எங்கிருந்து பெருக்கும்? பாதி வழியில் மாட்ட வேண்டும். மாடி வீட்டுக்கு லேன் கேபிள் இழுத்து மேலே இன்னொரு ரூட்டர் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம். எத்தனை ஃபோன்கள் தொற்றிக்கொண்டிருக்கின்றன என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

கேபிளில் சோதித்தும் குறைவு என்றால் லைனைப் பார்க்க வேண்டும். பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். ஜன்னல் இடுக்கில் அந்த மெல்லிய வயர் மடிந்து நசுங்கியிருந்தாலும் வேகம் போகும். நீங்களே நிமிர்த்தப் போய் ஒடித்துவிடாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். 200 எம்பி பிளானில் எப்போது பார்த்தாலும் 94, 95லேயே நின்றால் லேன் கேபிளோ ரூட்டரின் போர்ட்டோ 100க்கு மேல் தாங்காதது. மாதக் கடைசியில் மட்டும் மெதுவானால் பிளானில் சொன்ன டேட்டா அளவு தீர்ந்திருக்கும். பஜ்ரில் வேகம், இஷாவில் மந்தம் என்றால், வீட்டில் மற்ற எல்லாம் நிறுத்தியிருந்தும் அப்படி என்றால், ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பங்கிடுவதால் வரும் நெரிசலாக இருக்கலாம். எழுதி வைத்த எண்களோடு புகார் செய்யுங்கள். கேபிள்காரரிடம் வாயால் சொன்னால் போதாது. பில்லில் உள்ள நிறுவனத்திடம் புகார் எண் வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். இது ட்ராய் விதி.

வளைகுடாவிலிருந்து வரும் அழைப்பு தனி விஷயம். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் தடுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு உங்கள் ரூட்டர் பொறுப்பல்ல. அங்கே அனுமதி உள்ள போட்டிம் போன்ற செயலியில் பேசுங்கள். சில நேரம் கடலுக்கடியிலும் குறை இருக்கும். 2025 செப்டம்பரில் ஜித்தா அருகே செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியா, பாகிஸ்தான், அமீரகம் என எல்லா இடத்திலும் நெட் தடுமாறியது.

சோதிப்பதற்காக அலுவலகத்தில் 15 மீட்டர் லேன் கேபிள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் அஸருக்குப் பிறகு வந்து எடுத்துச் செல்லலாம். மறுநாள் மஃரிபுக்குள் திருப்பித் தந்துவிடுங்கள், அடுத்தவர் காத்திருப்பார்.